சிறு குழந்தைகளும் வைட்டமின் ஏ-யும்: ஏழை வீடுகளில் அடிக்கடி எழும் கேள்விகள்

ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் பெற்றோர், அங்கன்வாடிப் பணியாளர்கள், கிராம சுகாதாரச் செவிலியர்கள், ஊட்டச்சத்துக் கணக்கெடுப்புக்குப் போகும் மாணவர்கள் ஆகியோருக்காக எழுதியது. வேறு ஊர் ஆய்வுகள் சில வந்தாலும், உணவும் நடைமுறையும் தமிழ்நாட்டுக் கிராமங்களையும் கூலி வேலைக் குடும்பங்களையும் மனதில் வைத்துச் சொல்லப்பட்டவை.

வைட்டமின் ஏ குறைந்தால் கண் மட்டும்தான் கெடுமா?

இல்லை. கண்ணில் தெரிவது கடைசிக் கட்டம். குடல், மூச்சுக்குழாய், சிறுநீர்ப் பாதை இவற்றின் உள்தோலை ஈரமாகவும் உறுதியாகவும் வைத்திருப்பது வைட்டமின் ஏ. அது குறைந்ததும் அந்த உள்தோல் காய்ந்து கடினப்பட்டுக் கிருமிக்கு வழிவிடுகிறது. அதனால்தான் குறைபாடுள்ள பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் நீடிக்கிறது, தட்டம்மை வந்தால் உயிருக்கே ஆபத்தாகிறது.

அமெரிக்கக் கண் மருத்துவர் ஆல்ஃபிரட் சோமரும் அவருடைய குழுவினரும் இந்தோனேசியாவில் பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்து, 1980களில் முடிவுகளை வெளியிட்டபோதுதான் இது உலகத்துக்குத் தெளிவானது. லேசான மாலைக்கண் இருந்த பிள்ளைகள்கூட மற்றவர்களைவிட அதிகமாக இறந்தார்கள். 1986-இல் வெளியான ஆச்சே பகுதி ஆய்வில், ஆறு மாதத்துக்கு ஒரு முறை வைட்டமின் ஏ கொடுத்த கிராமங்களில் பிள்ளைகளின் இறப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது.

எங்கள் பிள்ளைக்கு மாலைக்கண் இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அது சொல்லத் தெரியாத வயது.

பிள்ளையைக் கேட்க வேண்டாம், பொழுது சாயும் நேரத்தில் கவனியுங்கள். பகலில் ஓடி விளையாடும் பிள்ளை விளக்கு வைக்கும் நேரத்தில் ஒரே இடத்தில் உட்கார்ந்துவிடுகிறதா? தட்டில் இருக்கும் சோற்றைக் கையால் தடவித் தேடுகிறதா? தெரிந்த வாசற்படியில் தடுக்கி விழுகிறதா? அம்மா கூப்பிட்டால் குரல் வந்த பக்கம் திரும்புகிறதே தவிர நேராக நடந்து வரத் தயங்குகிறதா? இதெல்லாம் மாலைக்கண்ணின் அடையாளம். பகலிலும் இப்படித் தடுமாறினால் அது வேறு கண் கோளாறு. இரண்டையும் கலந்துவிடக் கூடாது.

கணக்கெடுக்கப் போகிறவர்கள் "மாலைக்கண் இருக்கா?" என்று நேரடியாகக் கேட்டால் பெரும்பாலும் "இல்லை" என்றே பதில் வரும். "பகலில் பார்வை நன்றாக இருக்கிறதா? இருட்டுக்கட்டும்போது உங்கள் பிள்ளை மற்றப் பிள்ளைகளிலிருந்து வித்தியாசமாக நடக்கிறதா?" என்று இரண்டாகப் பிரித்துக் கேளுங்கள்.

கண்ணின் வெள்ளைப் பகுதியில் நுரை மாதிரி ஏதோ இருக்கிறது. அது என்ன?

பைட்டாட் புள்ளியாக இருக்கலாம். கருவிழிக்குப் பக்கத்தில், பெரும்பாலும் காதுப் பக்கம், சோப்பு நுரை காய்ந்தது போலச் சாம்பல் வெள்ளையாகப் படிந்திருக்கும். துடைத்தால் கொஞ்சம் வரும், சில நாளில் மறுபடி படியும். அதைச் சுற்றிய வெள்ளைவிழி பளபளப்பில்லாமல் வறண்டு, சுருக்கம் விழுந்து இருக்கும். பிள்ளைக்கு வலிக்காது என்பதால் வீட்டில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

எல்லாப் புள்ளியும் இன்றைய குறைபாட்டைச் சொல்வதில்லை. பள்ளி வயதுப் பிள்ளைகளில் பழைய குறைபாட்டின் தழும்பாகச் சில புள்ளிகள் மருந்து கொடுத்த பிறகும் நின்றுவிடும். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளையிடம் தெரிந்தால் அது இப்போதைய குறைபாடு என்றே கொள்ளுங்கள்.

கருவிழி மங்கிப்போனாலோ, புண் தெரிந்தாலோ, பிள்ளை வெளிச்சத்தில் கண்ணைத் திறக்க மறுத்தாலோ அது அவசரம். கருவிழி மென்மையாகிக் கரைந்துபோக ஓரிரு நாள் போதும். அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். போகும் வழியில் தாய்ப்பால், இலைச்சாறு, விளக்கெண்ணெய் எதையும் கண்ணில் விடாதீர்கள். புண்ணான கருவிழியில் கிருமி சேர்வதற்கு அதுவே வழியாகிவிடும். கண்ணை அழுத்தித் துடைக்கவும் கூடாது.

மருத்துவமனையில் என்ன கொடுப்பார்கள்?

கண்ணில் எந்த அறிகுறி இருந்தாலும், ஒரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு 2 லட்சம் அலகு (ஐ.யு., வைட்டமினை அளக்கும் சர்வதேச அலகு) வைட்டமின் ஏ கண்டுபிடித்த அன்றே, மறுநாள் இன்னொரு முறை, இரண்டு வாரம் கழித்து மூன்றாவது முறை. ஆறு மாதம் முதல் ஒரு வயதுக்குள் இதில் பாதி, ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் கால் பங்கு. தட்டம்மை வந்த பிள்ளைக்கும் வயதுக்கேற்ற அளவை அடுத்தடுத்த இரண்டு நாட்களில் கொடுக்க வேண்டும். மாலைக்கண் பெரும்பாலும் ஓரிரு நாளில் தெளிந்துவிடும். நேற்றுவரை தடவித் தடவி நடந்த பிள்ளை இருட்டில் தானாக நடந்து வருவதைப் பார்த்த தாய், அடுத்த முறை மருந்துக்கு யாரும் சொல்லாமலே வந்து நிற்பார்.

மூன்றாவது தவணைக்கு வராமல் போவதுதான் அதிகம் நடக்கும் தவறு. கண் தெளிந்துவிட்டதே என்று நின்றுவிடுகிறார்கள். ஈரலில் சேமிப்பு நிறைவதற்கு முன்பே நிறுத்தினால் சில மாதத்தில் பழைய நிலைதான்.

அரசு கொடுக்கும் வைட்டமின் ஏ மருந்து எத்தனை முறை? எவ்வளவு?

இந்தியாவில் 1970 முதல் இந்தத் திட்டம் இருக்கிறது. ஒன்பது மாதம் முடிந்ததும் தட்டம்மைத் தடுப்பூசியோடு முதல் தவணை, 1 லட்சம் அலகு, அதாவது 1 மி.லி. ஒன்றரை வயதில் ஊக்கத் தடுப்பூசியோடு இரண்டாவது, 2 லட்சம் அலகு, 2 மி.லி. அதன் பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு முறை அதே 2 மி.லி., ஐந்து வயது வரை. மொத்தம் ஒன்பது தவணை.

முதல் இரண்டும் தடுப்பூசியோடு சேர்ந்து வருவதால் தவறுவது குறைவு. மூன்றாவதிலிருந்துதான் ஓட்டை விழுகிறது. ஊசி எதுவும் இல்லாத நாளில் மருந்துக்காக மட்டும் வேலையை விட்டுவிட்டு வர முடியாது என்பது கூலி வேலைக்குப் போகும் தாயின் நிலைமை. அதைக் குறையாகச் சொல்வதில் பயனில்லை. அங்கன்வாடியில் எடை பார்க்கும் நாளிலோ குடற்புழு மாத்திரை கொடுக்கும் நாளிலோ சேர்த்துக் கொடுத்தால் வருகிறார்கள்.

மருந்து கொடுக்கும்போது எங்கே தவறு நடக்கிறது?

பெரும்பாலும் அளவில். பாட்டிலோடு வரும் கரண்டியில் 1 மி.லி.க்கும் 2 மி.லி.க்கும் தனித்தனிக் குறி உண்டு. அந்தக் கரண்டியை மட்டுமே பயன்படுத்துங்கள். இருமல் மருந்து மூடி, வீட்டு டீ ஸ்பூன் எதுவும் ஆகாது. டீ ஸ்பூன் என்றால் 5 மி.லி., அது இரண்டரை மடங்கு. 2001-இல் அசாமில் நடந்த சிறப்பு முகாமில் வழக்கமான 2 மி.லி. கரண்டிக்குப் பதிலாக 5 மி.லி. பிடிக்கும் கிண்ணம் வழங்கப்பட்டது. பல பிள்ளைகள் நோய்ப்பட்டார்கள், இறப்புகளும் பதிவாகிப் பெரிய சர்ச்சையானது. இறப்புகளுக்கு மருந்துதான் காரணமா என்பதில் வல்லுநர்கள் மாறுபட்டாலும், அளவுக் கருவியை மாற்றக் கூடாது என்பதில் மாறுபாடு இல்லை.

அடுத்தது, பாட்டில் வைக்கும் இடம். வெளிச்சமும் வெப்பமும் வைட்டமின் ஏ-யைச் சிதைத்துவிடும். ஜன்னலோரம் வேண்டாம், அடுப்புக்குப் பக்கத்திலும் வேண்டாம். திறந்த தேதியைப் பாட்டில் மேலேயே எழுதுங்கள். ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். 100 மி.லி. பாட்டில் ஒன்று ஒரு வயதுக்கு மேற்பட்ட 50 பிள்ளைகளுக்கு வரும். உங்கள் மையத்தில் 20 பிள்ளைகள் என்றால் பக்கத்து மையத்தோடு ஒரே வாரத்தில் வைத்துக்கொண்டால் மருந்து வீணாகாது.

மூன்றாவது, பதிவு. கொடுத்ததைத் தாய் சேய் நல அட்டையில் எழுதாமல் விட்டால் அடுத்த ஊரில் அதே மாதம் இன்னொரு தவணை கொடுத்துவிடுவார்கள். ஒரு மாதத்துக்குள் பெற்ற பிள்ளைக்கு வழக்கமான தவணையைத் திரும்பக் கொடுக்கக் கூடாது. அட்டை இல்லை என்றால் தாயிடம் கேளுங்கள். எண்ணெய் போன்ற மஞ்சள் மருந்தைக் கரண்டியில் கொடுத்ததைப் பெரும்பாலும் நினைவு வைத்திருப்பார்கள்.

அழும் பிள்ளையின் மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றாதீர்கள். எண்ணெய் மருந்து மூச்சுக்குழாயில் இறங்கினால் ஆபத்து. அழுகை அடங்கும்வரை காத்திருங்கள்.

மருந்து கொடுத்த இரவு பிள்ளை வாந்தி எடுத்தது. ஒத்துக்கொள்ளவில்லையா?

ஒரு சில பிள்ளைகளுக்கு வாந்தி, தலைவலி, சோர்வு வரும். கைக்குழந்தைக்கு உச்சிக்குழி லேசாக மேலெழும்பலாம். ஓரிரு நாளில் தானாகச் சரியாகும். இதற்காக அடுத்த தவணையை விட வேண்டியதில்லை. இரண்டு நாளுக்கு மேல் நீடித்தாலோ, காய்ச்சல், வலிப்பு, மயக்கம் இருந்தாலோ அது வேறு நோய், மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை மருந்து கொடுத்துவிட்டால் சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டாமா?

கவலைப்படத்தான் வேண்டும். இந்தப் பக்கத்தில் நாங்கள் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான்.

திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் லட்சுமி ரஹ்மத்துல்லாவும் அவருடைய குழுவினரும் சுமார் 15,000 பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வு 1990-இல் வெளியானது. அவர்கள் பெரிய அளவு கொடுக்கவில்லை. வாரத்துக்கு ஒரு முறை 8,333 அலகு மட்டும். ஒரு அலகு 0.3 மைக்ரோகிராம், எனவே வாரத்துக்கு 2,500 மைக்ரோகிராம், நாளொன்றுக்கு ஏறத்தாழ 357. சாதாரண நல்ல சாப்பாட்டில் ஒரு பிள்ளைக்குக் கிடைக்க வேண்டிய அளவு அது. ஓராண்டில் இறப்பு பாதிக்கும் மேல் குறைந்தது, 54 சதவீதம். மூன்று வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் நாட்பட்ட ஊட்டக் குறைவுள்ளவர்களுக்கும் பலன் இன்னும் கூடுதல்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில், உத்தரப் பிரதேசத்தில் பத்து லட்சம் பிள்ளைகளை உள்ளடக்கி ஆறு மாதத்துக்கு ஒரு முறை 2 லட்சம் அலகு கொடுத்த பெரிய ஆய்வு 2013-இல் வெளியானது. அதில் இறப்புக் குறைவு 4 சதவீதம் மட்டுமே, தற்செயலாகவும் இருக்கலாம் என்னும் அளவு. உலக ஆய்வுகளை எல்லாம் சேர்த்துப் பார்த்த 2017 மதிப்பீடு 12 சதவீதக் குறைவு என்கிறது.

இரண்டு ஆய்வும் வெவ்வேறு காலம், வெவ்வேறு இடம், தட்டம்மைத் தடுப்பூசி பரவிய அளவும் வேறு. நேருக்கு நேர் ஒப்பிடக் கூடாதுதான். ஆனாலும் உடலின் இயல்பு திருச்சி ஆய்வின் பக்கமே நிற்கிறது. பெரிய அளவை ஒரே நாளில் ஊற்றினால் ஒரு பகுதி உறிஞ்சப்படாமலே வெளியேறுகிறது, இரத்தத்தில் ஏறும் அளவும் இரண்டு மூன்று மாதத்தில் இறங்கிவிடுகிறது. சிறு அளவு அடிக்கடி கிடைத்தால் அப்படி இறங்குவதில்லை. ஆறு மாத மருந்து விழாமல் பிடிக்கும் வலை. பிள்ளை நடக்க வேண்டியது சாப்பாட்டின் மேல்.

ஒரு நாளுக்கு எவ்வளவு வேண்டும்? எதிலிருந்து எவ்வளவு கிடைக்கும்?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரைப்படி 1 முதல் 3 வயதுக்கு நாளொன்றுக்கு 390 மைக்ரோகிராம், 4 முதல் 6 வயதுக்கு 510. இதை மனதில் வைத்துக்கொண்டு வீட்டில் இருப்பதைப் பார்ப்போம்.

தாய்ப்பால்தான் முதலிடம். இரண்டாவது வயதில் பிள்ளை நாளுக்கு அரை லிட்டர் குடித்தால் ஏறத்தாழ 200 முதல் 250 மைக்ரோகிராம், தேவையில் பாதிக்கு மேல். தாய்க்கே குறைபாடு என்றால் பாலிலும் குறையும். பிறந்தவுடன் வரும் சீம்பாலில் இது செறிவாக இருக்கிறது. அதைப் பீய்ச்சி ஊற்றிவிட்டுச் சர்க்கரைத் தண்ணீர் வைப்பது பிள்ளையின் முதல் சேமிப்பைக் கொட்டிவிடுவதுதான்.

ஒரு முட்டை சுமார் 80, தேவையில் ஐந்தில் ஒரு பங்கு. முழுவதும் மஞ்சள் கருவில்தான் இருக்கிறது. மஞ்சள் கருவை எடுத்துவிட்டு வெள்ளையை மட்டும் ஊட்டினால் இதில் ஒன்றும் சேராது. ஒரு டம்ளர் பால், 200 மி.லி., 50 முதல் 90 வரை. ஆட்டு ஈரல் எல்லாவற்றையும் மிஞ்சும், 15 கிராம் துண்டு ஒன்றிலேயே இரண்டு நாள் தேவைக்கு மேல். வாரத்துக்கு ஒரு முறை சிறு துண்டு போதும். தினமும் கொடுக்க வேண்டாம், கர்ப்பிணிகள் ஈரலை நிறையச் சாப்பிடவும் வேண்டாம். கறிக்கடையில் ஈரலை மட்டும் 50 கிராம் கேட்டால் தருவார்கள், நான்கு பிள்ளை உள்ள வீட்டுக்கு அது சரியாக வரும்.

கீரை, காய், பழத்தில் இருப்பது கரோட்டின். உடல் அதை வைட்டமின் ஏ-யாக மாற்றிக்கொள்ள வேண்டும். எவ்வளவு கரோட்டின் எவ்வளவு வைட்டமின் ஏ ஆகும் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. 6-க்கு 1 என்று கணக்கிடுவோர் இருக்கிறார்கள், 12-க்கு 1 என்போர் இருக்கிறார்கள். கீரைக்கு அதையும்விடக் குறைவு என்று 1995-இல் மேற்கு ஜாவாவில் பாலூட்டும் தாய்மார்களிடம் நடந்த ஆய்வு காட்டியது. குழந்தைக்குக் கணக்குப் போடும்போது குறைந்த பக்கத்தை எடுப்பதே பாதுகாப்பு. அப்படி எடுத்தால், பெரியவர் கை ஒரு பிடி முருங்கைக்கீரை, 30 கிராம், சமையலில் போவது போக 110 முதல் 290 மைக்ரோகிராம் வரை தரும். இவ்வளவு விரிவான வித்தியாசம் ஏன் என்றால், இலையின் முதிர்ச்சி, மண், அளந்த முறை எல்லாவற்றையும் பொறுத்துப் பழைய அட்டவணைக்கும் புதியதற்கும் இரண்டரை மடங்கு வேறுபாடு இருக்கிறது. குறைந்த அளவை எடுத்தாலும் ஒரு முட்டையைவிட அதிகம், காசில்லாமல் கிடைக்கிறது.

பப்பாளி 100 கிராமில் ஏறக்குறைய 50. நன்கு பழுத்த மாம்பழத்தில் அதற்கு மேல், இரகத்தைப் பொறுத்து மாறும். ஆரஞ்சு நிறக் கேரட் சிறியது ஒன்றில் 100-க்கு மேல். பரங்கிக்காயில் சதை எவ்வளவு ஆழ்ந்த மஞ்சளோ அவ்வளவு.

சிவப்பு, மஞ்சள் நிறக் காய் எல்லாமே கண்ணுக்கு நல்லதுதானே?

நிறத்தை மட்டும் நம்பினால் ஏமாறுவீர்கள். பீட்ரூட்டின் சிவப்பு கரோட்டின் அல்ல. தக்காளியின் சிவப்பு பெரும்பாலும் வேறொரு நிறமி, உடல் அதை வைட்டமின் ஏ-யாக மாற்றாது. மஞ்சள் தூளின் மஞ்சளும் அப்படியே. நம் சந்தையில் அதிகம் வரும் சர்க்கரைவள்ளிக் கிழங்கின் சதை வெள்ளை, அதில் கரோட்டின் மிகக் குறைவு. ஆப்பிரிக்க நாடுகளில் பிள்ளைகளுக்குப் பலன் தந்தது ஆரஞ்சுச் சதை இரகம். செவ்வாழை மாலைக்கண்ணைத் தீர்க்கும் என்று சொல்வார்கள். பழம் நல்லதுதான், மருந்தாகும் அளவு அதில் இல்லை. பச்சைக் கீரையில் கரோட்டினின் மஞ்சள் வெளியே தெரிவதில்லை, ஆனால் அங்கேதான் குவிந்திருக்கிறது.

கீரை கொடுத்தால் பிள்ளைக்கு வயிற்றால் போகும் என்று மாமியார் சொல்கிறார்.

அவர் பார்த்ததைத்தான் சொல்கிறார். காரணம் கீரை அல்ல, பெரும்பாலும் அதில் ஒட்டிய மண்ணும் சாக்கடைத் தண்ணீரும், அல்லது மசியாத நார். மலம் பச்சையாகப் போவதும் பயமுறுத்தும், அது இயல்பு.

ஆய்ந்த கீரையை அகன்ற பாத்திரத்தில் மூழ்கும் அளவு தண்ணீரில் அலசி, கீரையை மேலே தூக்கி எடுங்கள். தண்ணீரைச் சாய்த்தால் அடியில் தங்கிய மண் மறுபடி கீரையோடு வந்துவிடும். மூன்று முறை. அலசிய பிறகு நறுக்குங்கள். குறைந்த தண்ணீரில் மூடி போட்டு ஐந்து முதல் எட்டு நிமிடம். வெந்த தண்ணீரைக் கொட்டாமல் பருப்போடு சேர்த்துக் கடையுங்கள். மத்தால் கடைவது சுவைக்கு மட்டும் அல்ல, இலையின் செல் உடைந்தால்தான் கரோட்டின் வெளியே வரும். பிள்ளைக்குக் கீரைப் பொரியலைவிடக் கடைசல் மேல்.

ஆறு மாதம் முடிந்த குழந்தைக்கு நன்றாக மசித்த கீரை ஒரு மேசைக்கரண்டி, பருப்புச் சோற்றில் பிசைந்து. மூன்று நாள் அதையே கொடுத்துப் பார்த்துவிட்டு வேறு கீரைக்குப் போகலாம். ஒன்பது மாதத்தில் இரண்டு கரண்டி. ஒரு வயதுக்கு மேல் கால் கிண்ணம். முதலில் முளைக்கீரை, அரைக்கீரை, இளம் முருங்கை. அகத்திக்கீரை கசப்பு, பிள்ளை துப்பிவிடும், இரண்டு வயது தாண்டி முயன்று பார்க்கலாம்.

எண்ணெய் சேர்க்கச் சொல்கிறார்கள். எவ்வளவு?

ஒரு வேளைச் சோற்றில் அரை முதல் ஒரு டீ ஸ்பூன். வைட்டமின் ஏ கொழுப்பில் கரைவது. கீரையை நிறையப் போட்டுக் கொழுப்பே இல்லாத ரசச் சோற்றோடு ஊட்டினால் பெரும்பகுதி மலத்தோடு போய்விடும். நெய் வேண்டுமென்பதில்லை. நல்லெண்ணெய், கடலை எண்ணெய், தேங்காய் எதுவும் சரி. வறுத்த வேர்க்கடலைப் பொடியைச் சோற்றில் பிசைந்தாலும் போதும். முழுக் கடலையைச் சிறு பிள்ளையிடம் கொடுக்காதீர்கள், தொண்டையில் அடைக்கும்.

ரேஷன் பாமாயிலில் வைட்டமின் ஏ இருக்கிறதா?

எண்ணெய்ப் பனையின் பழத்திலிருந்து எடுத்தவுடன் சிவப்பாக இருக்கும் எண்ணெயில் கரோட்டின் மிகுதி. சுத்திகரித்து வெளிறச் செய்யும்போது அது போய்விடுகிறது. பிறகு வைட்டமின் ஏ-யும் டி-யும் வெளியிலிருந்து சேர்த்தால்தான் உண்டு. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் தரப்படி செறிவூட்டிய எண்ணெயில் ஒரு கிராமுக்கு 6 முதல் 9.9 மைக்ரோகிராம் இருக்க வேண்டும். உறையில் கூட்டல் குறியோடு 'எஃப்' என்ற நீல நிறச் சின்னம் இருக்கிறதா என்று பாருங்கள். பிள்ளை நாளுக்கு 10 கிராம் எண்ணெய் சாப்பிட்டால் 60-க்கு மேல் கிடைக்கும் என்பது கணக்கு. ஆனால் பொரித்த எண்ணெயையே திரும்பத் திரும்பக் காய்ச்சினால் சேர்த்தது அழிந்துவிடும். பாட்டிலை வெயிலில் வைத்தாலும் அப்படித்தான். பிள்ளைக்குத் தாளித்த எண்ணெயைவிட, சோற்றில் கடைசியாக விடும் பச்சை எண்ணெயில் முழுதும் கிடைக்கும். செறிவூட்டிய பாலிலும் இதே சின்னம் இருக்கும், லிட்டருக்கு 270 முதல் 450 மைக்ரோகிராம்.

முருங்கைக்கீரைப் பொடி செய்து வைத்துக்கொள்ளலாமா?

வைக்கலாம், மழைக்காலத்துக்கு உதவும். வெயிலில் காயப்போடுவதுதான் எல்லோரும் செய்யும் பிழை. அலசிய இலையைத் துணியில் பரப்பி, நிழலில் காற்றோட்டமாக, நொறுங்கும் வரை காயவிடுங்கள். ஈரம் இருந்தால் பூஞ்சை பிடிக்கும். பொடித்துக் காற்றுப்புகாத, வெளிச்சம் படாத டப்பாவில் வையுங்கள். மாதங்கள் செல்லச் செல்லச் சத்து குறையும், எனவே சிறு அளவாகச் செய்யுங்கள். ஒன்றிரண்டு டீ ஸ்பூன் பொடியைச் சத்துமாவுக் கஞ்சியிலோ பருப்பிலோ இறக்கும் நேரத்தில் கலந்தால் போதும்.

நன்றாகத்தான் சாப்பிடுகிறான், ஆனாலும் குறைபாடு என்கிறார்கள். ஏன்?

வயிறு நிறைவது வேறு. ஒரு வயதுப் பிள்ளையின் வயிறு ஒரு டம்ளருக்குச் சற்று மேல்தான் பிடிக்கும். காலையில் டீயும் பிஸ்கட்டும், பதினோரு மணிக்கு ஐந்து ரூபாய்ப் பாக்கெட் என்று போய்விட்டால் சோற்றுக்கு இடமில்லை. வெள்ளை அரிசியில் கரோட்டின் கிடையாது. இட்லி, கஞ்சி, ரசச் சோறு, டீ என்று நாள் முழுவதும் போனால் வைட்டமின் ஏ ஏறத்தாழப் பூஜ்யம்.

இன்னொரு காரணம் நோய். வயிற்றுப்போக்கு, தட்டம்மை, நிமோனியா ஒவ்வொன்றும் சேமிப்பைக் கரைக்கின்றன. குடற்புழு உறிஞ்சுவதைத் தடுக்கிறது. ஒன்று முதல் இரண்டு வயது வரை 200 மி.கி., அதற்கு மேல் 400 மி.கி. அல்பெண்டசோல் அங்கன்வாடியில் கொடுக்கிறார்கள், விடாதீர்கள். புரதம் போதாத பிள்ளைக்கு ஈரலில் வைட்டமின் இருந்தாலும் அதை இரத்தத்தில் சுமந்து செல்லும் புரதம் இல்லாமல் கண்ணுக்குப் போய்ச் சேராது. பருப்பு, முட்டை, மீன் இல்லாமல் கீரையை மட்டும் ஊட்டிப் பலன் பார்க்க முடியாமல் போவது இதனால்தான்.

ஒரு சமூகத்தில் குறைபாடு இருக்கிறதா என்று கணக்கெடுப்பில் எப்படி முடிவு செய்வது?

இரத்தத்தில் ரெட்டினால் (இரத்தத்தில் ஓடும் வைட்டமின் ஏ-யின் வடிவம்) லிட்டருக்கு 0.70 மைக்ரோமோலுக்குக் கீழே என்றால் குறைபாடு. ஐந்தில் ஒரு பிள்ளைக்கு அப்படி இருந்தால் கடுமையான பொதுச் சுகாதாரப் பிரச்சினை. 2016–18 தேசிய ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில் 1 முதல் 4 வயதுப் பிள்ளைகளில் 18 சதவீதத்தினருக்குக் குறைபாடு இருந்தது, அந்த எல்லைக்குச் சற்றுக் கீழே. இதை வைத்தே எல்லாப் பிள்ளைகளுக்கும் பெரிய அளவு தேவையா, தேவைப்படும் இடங்களுக்கு மட்டும் போதுமா என்ற விவாதம் நடக்கிறது. சராசரி குறைந்தது என்பதற்காகச் செங்கல் சூளைப் பிள்ளைக்கும் குறைந்துவிட்டது என்று கொள்ள முடியாது என்பது எங்கள் கருத்து.

இரத்தம் எடுக்கும்போது ஒரு பொறி இருக்கிறது. காய்ச்சல் உள்ள பிள்ளையின் ரெட்டினால் தற்காலிகமாக இறங்கும். அழற்சியையும் சேர்த்து அளக்காமல் விட்டால் குறைபாடு மிகையாகத் தெரியும்.

இரத்தம் எடுக்க வசதி இல்லாதவர்களுக்கு உணவு வினாப்பட்டியல் உதவும். கடந்த ஏழு நாளில் ஈரல், முட்டை, மீன், பால் இவற்றை எத்தனை நாள், கீரை, பரங்கி, பப்பாளி இவற்றை எத்தனை நாள் என்று பிள்ளைவாரியாகக் கேளுங்கள். தாவர உணவின் நாட்களை ஆறால் வகுத்து விலங்கு உணவின் நாட்களோடு கூட்டுங்கள். ஊரின் சராசரி ஆறு அல்லது அதற்குக் கீழே, அல்லது விலங்கு உணவு மட்டும் சராசரி நான்கு நாள் அல்லது அதற்குக் கீழே இருந்தால் அங்கே பிரச்சினை இருக்க வாய்ப்பு உண்டு. இது ஊருக்கான கணக்கு, தனிப் பிள்ளைக்குப் பொருத்தக் கூடாது. மாம்பழக் காலத்தில் கேட்டால் எல்லாம் நன்றாகத் தெரியும், ஐப்பசியிலும் ஒரு முறை கேளுங்கள். "வீட்டில் கீரை சமைத்தீர்களா" என்று கேட்காமல் "பிள்ளை சாப்பிட்டதா" என்று கேளுங்கள். சமைத்த கீரை பெரியவர்கள் தட்டோடு நின்றுவிடுவது வழக்கம்.

சூளையிலும் கட்டட வேலையிலும் இருக்கிறோம், ஊர் மாறிக்கொண்டே இருக்கிறோம். எங்கள் பிள்ளைக்கு எங்கே கிடைக்கும்?

எந்த ஊர் அங்கன்வாடியிலும், எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கேட்கலாம். ஆதார் முகவரி அந்த ஊராக இருக்க வேண்டியதில்லை, மருந்துக்குக் காசும் இல்லை. தாய் சேய் நல அட்டையை பிளாஸ்டிக் உறையில் போட்டுத் துணிமணியோடு எடுத்துச் செல்லுங்கள், அதன் உள்பக்கத்தைப் போனில் படம் எடுத்தும் வையுங்கள். சூளை தொடங்கும் முன் சொந்த ஊரில் ஒரு தவணை, திரும்பி வந்ததும் ஒன்று என்று வைத்துக்கொண்டால் ஆறு மாத இடைவெளி ஏறக்குறையப் பொருந்திவிடும். வேலை செய்யும் இடத்தின் வேலியோரம் போகும்போதே ஒரு முருங்கைப் போத்தை நட்டுவிடுங்கள். நான்கைந்து மாதத்தில் இலை பறிக்கலாம். நீங்கள் கிளம்பிப் போன பிறகு வருகிறவர்களின் பிள்ளைகளுக்கும் அது ஆகும்.